ஜீப்ரா கோட்டின் முன் நின்ற வண்டி எப்போது புறப்படலாம்? போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்கள்; சென்னைப் பெருநகரக் காவல்துறையின் போக்குவரத்துப் பிரிவு உயர் அலுவலர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பழகுநர் உரிமத் (எல்.எல்.ஆர்.) தேர்வில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு கேள்வியிலிருந்து இந்த மடலைத் தொடங்குகிறேன். பாதசாரிகள் சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போது, அவர்கள் கடக்கும் இடத்தை நெருங்கும் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. ஹாரன் அடித்துவிட்டுப் போகலாம் என்பது முதல் விடை. வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்துக் கடந்து போகலாம் என்பது இரண்டாவது. வண்டியை நிறுத்தி, பாதசாரிகள் கடந்து முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே புறப்பட வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் சரி என்பதை, என்னிடம் வண்டி ஓட்டக் கற்க வருகிறவர்களில் அநேகமாக எல்லோரும் ஒரே வாசிப்பில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் எல்.எல்.ஆர். கைக்கு வந்தபின் சாலையில் தம்மைச் சுற்றி அவர்கள் காண்பதெல்லாம் முதல் விடையைத்தான். சில மாதங்களில் அவர்களும் அதற்குப் பழகிவிடுகிறார்கள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பல ஆண்டுகளாகக் கற்றுத்தருகிறவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. சிக்னல் இல்லாத கடக்கும் இடத்தில் ஓட்டுநர் எப்போது நிற்க வேண்டும், நின்றபின் எப்போது புறப்படலாம் என்பதை அரசு ஐயத்துக்கு இடமில்லாமல் ஒரே வரையறையாக எழுதி அறிவிக்க வேண்டும். அந்த வரையறையைத் தேர்வுத் தளத்திலும் தெருவிலும் ஒன்றுபோல் நடைமுறைப்படுத்த வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளின்படி, சந்திப்பையோ பாதசாரிகள் கடக்கும் இடத்தையோ நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து நேராது என்பதை அறிந்துகொள்ளும்வரை உள்ளே நுழையக் கூடாது. ஆபத்து உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுநரிடமே விடப்பட்டிருந்தது. அவ்விதிகளுக்குப் பதிலாக 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதை மாற்றின. கட்டுப்பாடு இல்லாத, அதாவது சிக்னலோ காவலரோ இல்லாத, கடக்கும் இடத்தை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, பாதசாரிகளுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் வழிவிட வேண்டும் என்று அவை சொல்கின்றன. முன்னால் போக்குவரத்து நின்றுபோய், தாண்டிச் செல்ல முடியாத நிலை இருந்தால், கோடுகளின்மேல் வண்டியை ஏற்றி வழியை மறிக்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கின்றன. 2017-க்கு முன் உரிமம் பெற்றவர்கள் இன்றும் பெரும் எண்ணிக்கையில் சாலையில் இருக்கிறார்கள். விதி இப்படி மாறியது என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்ன எந்த முயற்சியும் என் கண்ணில் பட்டதில்லை. உரிமத்தைப் புதுப்பிக்க வருகிறவர்களிடம் நான் கேட்டுப் பார்க்கும்போதெல்லாம், "பார்த்துப் போகணும்" என்ற பழைய விதிதான் பதிலாக வருகிறது.

இதில் தீர்க்கப்படாமல் நிற்கும் ஒரு கேள்வி உண்டு. வழிவிட வேண்டியது யாருக்கு? ஏற்கெனவே கோட்டில் கால் வைத்து நடந்துகொண்டிருப்பவருக்கு மட்டுமா, ஓரத்தில் காத்து நிற்பவருக்கும் சேர்த்தா? 2017-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை "பாதசாரிகளுக்கு" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஓட்டுநர் தேர்வில் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று பட்டியலிடும் மத்திய மோட்டார் வாகன விதி, சாலையைக் கடப்பவர்களுக்கு முன்னுரிமை தருவதைப் பற்றிப் பேசுகிறது. எல்.எல்.ஆர். கேள்வியோ காத்திருப்பவர்களையே முன்வைத்துக் கேட்கிறது. இந்தியா 1980-இல் இணைந்த 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, கடந்துகொண்டிருப்பவர்களோடு கடக்க முற்படுபவர்களையும் சேர்த்தே சொல்கிறது. தேவைப்பட்டால் அவர்களுக்காக நிற்கவும் வேண்டும் என்கிறது. பிரிட்டனும் 2022 ஜனவரியில் தன் நெடுஞ்சாலை விதித்தொகுப்பைத் திருத்தி, ஜீப்ரா கோட்டருகே காத்திருப்பவருக்கும் ஓட்டுநர் வழிவிட வேண்டும் என்று எழுதிக்கொண்டது.

இது ஏட்டுச் சிக்கல் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோட்டில் கால் வைத்த பிறகுதான் உரிமை பிறக்கிறது என்றால், ஓடிவரும் வண்டியின் முன்னே முதலில் தன் உடலை வைப்பவருக்குத்தான் அந்த உரிமை கிடைக்கும். அந்தத் துணிவு இருபது வயது இளைஞருக்கு இருக்கும். முழங்கால் வலியோடு மருத்துவமனைக்குப் போகும் மூதாட்டிக்கும், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் சிறுமிக்கும், பார்வையற்றவருக்கும் அது எங்கிருந்து வரும்? நம் ஊரில் சாலையைக் கடப்பவர்கள் உள்ளங்கையை வண்டிகளை நோக்கி நீட்டிக்கொண்டே நடப்பதைத் தாங்களும் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். சட்டம் தந்த ஒன்றைக் கையேந்திக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. காத்து நிற்பவரையும் வரையறைக்குள் கொண்டுவந்தால்தான், வலிமையற்றவர்களுக்கு அந்தக் கோடுகள் பயன்படும்.

அடுத்து, நின்றவர் எப்போது புறப்படலாம் என்பது. மாணவர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்பது இதைத்தான். விதிகளில் மிகக் குறைவாக எழுதப்பட்டிருப்பதும் இதுதான். தேர்வு விடையில் "கடந்த பிறகு" என்று இருக்கிறதே, அது என் வண்டியின் முகப்பைக் கடந்த பிறகா, என் தடத்தைக் கடந்த பிறகா, மறு ஓரத்தில் ஏறிய பிறகா என்று கேட்கிறார்கள். நான் கற்றுத்தருவதை இங்கே எழுதுகிறேன். தங்கள் வரையறைக்கு இது ஒரு தொடக்கமாக இருக்கலாம். நடுத்திட்டு உள்ள சாலையில், என் பக்கத்துச் சாலை முழுவதையும் கடந்து அவர் திட்டில் ஏறும்வரை நான் நிற்க வேண்டும். திட்டுக்கு அப்பால் உள்ள பாதியை அந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு உரிய தனிக் கடப்பாகக் கொள்ளலாம். நடுத்திட்டு இல்லாத சாலையில், அவர் என் பாதியைத் தாண்டியதும் புறப்பட்டுவிடக் கூடாது. எதிர்ப்பக்கத்து வண்டிகளும் அவருக்காக நின்றிருக்கின்றனவா என்று பார்த்து, அவர் மறு ஓரத்தை அடையும்வரை காத்திருக்க வேண்டும். ஏனென்றால் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்காமல் வந்துவிட்டால், அவர் பின்வாங்கி வரக்கூடிய ஒரே இடம் என் வண்டிக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம்தான். அதை நான் நிரப்பிவிட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. குழந்தை, முதியவர், வெள்ளைக் கோல் ஏந்தியவர், சக்கர நாற்காலியில் வருபவர் ஆகியோர் எந்தச் சாலையிலும் நடைபாதையில் ஏறும்வரை வண்டி நகரக் கூடாது. கிளட்சை விட்டு வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னால் தள்ளுவதும், இஞ்சினை உறுமவிடுவதும், ஹாரனைத் தொடுவதும் நிற்பதாகக் கணக்கில் வராது.

சிக்னல் உள்ள இடத்துக்கும் இதைச் சொல்ல வேண்டும். பச்சை விழுந்துவிட்டது என்பதற்காக, கோட்டின் நடுவே இன்னும் நடந்துகொண்டிருப்பவரை நோக்கி வண்டியைக் கிளப்ப யாருக்கும் உரிமை இல்லை என்பதை வரையறையில் எழுத வேண்டும். இடப்பக்கம் திரும்புகிற வண்டிகளால் வரும் துன்பம் தனி. நேராகச் செல்வோருக்குச் சிவப்பு விழுந்திருக்கும் நேரத்தில்தான் பாதசாரிகள் கோட்டில் இறங்குகிறார்கள். அதே நேரத்தில் இடப்பக்கம் ஒதுங்கித் திரும்பும் வண்டிகள் ஓயாமல் அவர்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. இரவில் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும் சந்திப்புகளில், அந்த மஞ்சளை "தடையில்லை" என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கையோடு, வழிவிட்டுச் செல்வதற்கான அடையாளம் அது.

"நான் நின்றால் பின்னால் வருகிறவன் இடிப்பான்" என்பதுதான் ஓட்டுநர்கள் எனக்குச் சொல்லும் முதல் மறுப்பு. அதைச் சாக்கு என்று நான் தள்ளிவிட மாட்டேன். அந்த அச்சம் உண்மையானது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ஒரு பேருந்தோ காரோ பாதசாரிக்காக நிற்கிறது. அவர் நம்பி இறங்கி நடக்கிறார். நின்ற வண்டி ஏன் நின்றது என்று அறியாமல், பின்னால் வரும் இரு சக்கர வாகனம் அதை ஒதுங்கி முந்துகிறது. பேருந்தின் மறைவிலிருந்து வெளிப்படும் அவரும், மறைவுக்கு அப்பாலிருந்து வரும் வண்டியும் ஒருவரையொருவர் காணும்போது நேரம் கடந்துபோயிருக்கும். அதனால்தான், நல்லெண்ணத்தோடு நிற்கும் ஓட்டுநரும் கோட்டை ஒட்டி நிறுத்தாமல், நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால், ஓரிரு மீட்டர் இடம்விட்டு நிற்க வேண்டும் என்று கற்றுத்தருகிறேன். அந்த இடைவெளியின் வழியாகத்தான் நடப்பவருக்கு அடுத்த தடம் தெரியும். கடக்கும் இடத்தில் நின்றிருக்கும் வண்டியை எந்தப் பக்கத்திலிருந்தும் முந்தக் கூடாது என்பதை, நிற்க வேண்டும் என்ற விதிக்கு இணையான அழுத்தத்தோடு சொல்லாவிட்டால், முதல் விதியைக் கடைப்பிடிக்கிற நல்ல ஓட்டுநரே நடப்பவரைப் பொறிக்குள் அழைத்தவராகிவிடுவார். இந்த இரண்டையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையில் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வேக வரம்புகளின்படி கார்கள் மணிக்கு 60 கிலோமீட்டரும், இரு சக்கர வாகனங்கள் 50-உம், ஆட்டோக்கள் 40-உம் போகலாம். குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொண்டாலும், உலர்ந்த சாலையில், நல்ல டயரும் பிரேக்கும் இருந்தாலும், முழுமையாக நிற்க 35 மீட்டருக்கு மேல் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 13 மீட்டர் அளவில் நின்றுவிடலாம். மழை நாளில் இரண்டுமே நீளும். ஆகவே, கோட்டருகே யாரோ நிற்கிறார் என்று கண்டபின் முடிவெடுப்பது 60-இல் வருகிறவருக்குப் பெரும்பாலும் இயலாத காரியம். கடக்கும் இடம் வருகிறது என்று அறிந்தவுடனேயே வேகம் குறைந்திருக்க வேண்டும். நடப்பவர்மீது மோதும் வேகம் 50-லிருந்து 65 கிலோமீட்டராக உயர்ந்தால் அவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிக்னல் இல்லாத ஒவ்வொரு ஜீப்ரா கோட்டுக்கும் முன்னால், போதிய தொலைவிலேயே 30 என்ற பலகை நிற்க வேண்டும். பலகையை நம்ப முடியாத இடத்தில், தியாகராய நகரில் பாண்டி பஜாரைச் சீரமைத்தபோது செய்ததைப் போல, நடைபாதை மட்டத்துக்குக் கடக்கும் இடத்தையே உயர்த்திக் கட்டினால், வண்டி தானாகவே மெதுவாகும்.

இந்த நிறுத்தத்தால் ஓட்டுநர் இழக்கும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் நாட்டுச் சாலைப் பொறியாளர்கள் நடப்பவரின் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று தடங்கள் உள்ள சாலையின் ஒரு பாதியை, அதாவது ஏறத்தாழ பத்தரை மீட்டரை, கடக்க ஒன்பது நொடி போதும். மெதுவாக நடக்கும் முதியவருக்கு அது பதின்மூன்று அல்லது பதினான்கு நொடியாகலாம். அடுத்த சிக்னலில் அந்த ஓட்டுநர் எப்படியும் அதைவிட நெடுநேரம் நிற்கப்போகிறார்.

தேர்வு முறைக்கு வருகிறேன். என் தொழில் அதுவாக இருப்பதால் இதில் எனக்குப் பொறுப்பும் உண்டு, வருத்தமும் உண்டு. சிக்னலோ காவலரோ இல்லாத கடக்கும் இடத்தில், கடப்பவர்களுக்கு முன்னுரிமை தந்து சரியாக நடந்துகொள்ளத் தெரிகிறதா என்பதை, ஓட்டிக் காட்டும் தேர்விலேயே சோதிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நான் மாணவர்களை அழைத்துச் சென்ற தேர்வுத் தளங்களில் இரு சக்கர வாகனத்துக்கு எட்டு போடச் சொல்வார்கள். காருக்கு மேடேற்றி, ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார்கள். தரையில் ஒரு ஜீப்ரா கோட்டைத் தீட்டி, அருகே ஒருவரை நிறுத்தி, "இப்போது என்ன செய்வாய்?" என்று பார்த்ததை நான் கண்டதில்லை. தேர்வில் கேட்காததை மாணவர்கள் பயில மாட்டார்கள். பயிற்சிப் பள்ளிகளும் அதற்கு நேரம் ஒதுக்க மாட்டா. தளத்தில் சில வாளி வெள்ளைப் பெயிண்டும், ஓர் ஊழியர் சில நிமிடம் அங்கே நிற்பதும் போதும். நிற்காமல் போனவரை அந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பி அனுப்பினால், அடுத்த மாதத்திலிருந்து மாநிலத்தின் எல்லாப் பயிற்சிப் பள்ளிகளும் அதைச் சொல்லித்தரத் தொடங்கிவிடும். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அபராதத்தைப் பொறுத்தவரை, புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறுவோருக்கு 500 ரூபாய்க்குக் குறையாமலும் 1,000 ரூபாய்க்கு மிகாமலும் அபராதம் விதிக்க, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 177அ பிரிவு இடம் தருகிறது. கடக்கும் இடத்தில் வழிவிடாததும் அந்த ஒழுங்குமுறைகளை மீறுவதுதான். ஹெல்மெட் அணியாதவரை நிறுத்திக் கேட்கும் காவலர், கண்ணெதிரே நடப்பவரை விரட்டிக்கொண்டு போகும் வண்டியையும் அதே முனைப்போடு நிறுத்த வேண்டும். ஹெல்மெட் இல்லாதவர் தன் உயிரையே பணயம் வைக்கிறார்; நிற்காதவர் பிறர் உயிரை வைக்கிறார். எடுத்தவுடன் அபராதம் என்று நான் சொல்லவில்லை. முதல் சில வாரங்கள் நிறுத்தி எடுத்துச் சொல்லட்டும். அதன் பிறகு சலான் போகட்டும். எங்கே தொடங்குவது என்றால், பள்ளிகள், அரசு மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் ஆகியவற்றின் வாசலில் தொடங்கலாம். மாநகரப் பேருந்துகளையும் அரசு வாகனங்களையும் முதலில் நிற்கச் சொல்லலாம். பேருந்து நின்றால் அதன் தடத்தில் பின்னால் வருவோர் நின்றுதான் ஆக வேண்டும். நான் மேலே சொன்ன இடைவெளியும், முந்தாமையும் அப்போது இன்னும் இன்றியமையாதவை ஆகின்றன.

பாதசாரிகள் மட்டும் ஒழுங்காக நடக்கிறார்களா, கண்ட இடத்தில் குறுக்கே ஓடுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுகிறார்கள்தான், அது தவறுதான். ஆனால் இருநூறு மீட்டர் நடந்துபோய்க் கோட்டருகே நின்றாலும் ஒரு வண்டியும் நிற்காது என்று அனுபவத்தில் அறிந்தவர் எதற்காக அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? அங்கே வண்டிகள் நிற்கும் என்ற உறுதி வந்தால், அவர்களில் பெரும்பாலோர் அங்கே வருவார்கள். கோடுகளே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். புதிதாகத் தார் போட்டபின் மாதக்கணக்கில் கோடு தீட்டப்படாத சாலைகளும், மெட்ரோ பணிக்காகவும் மழைநீர் வடிகாலுக்காகவும் தோண்டியபோது காணாமல்போன கடக்கும் இடங்களும் நகரமெங்கும் இருக்கின்றன. கோடு இல்லாத இடத்தில் ஓட்டுநரை எப்படிக் குற்றம் சொல்வது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்ற அளவோடு முதலிடத்தில் இருந்தது. இறந்த பாதசாரிகள் எல்லோரும் ஜீப்ரா கோட்டில் இறந்தவர்கள் அல்லர். ஆனால் கோட்டிலேயே பாதுகாப்பு இல்லாத ஊரில் வேறு எந்த இடத்தில் பாதுகாப்பைத் தேடுவது?

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பாதசாரிகளின் பாதுகாப்புப் பற்றி விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1அ), 210ஈ பிரிவுகளின்கீழ் மாநில அரசுகள் ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. முதற்பிரிவு பாதசாரிகளின் நடமாட்டத்தைப் பற்றியது; இரண்டாவது, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பைப் பற்றியது. தமிழ்நாட்டின் விதிகளில், நடப்பவர் எங்கே கடக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதிவிட்டு, அங்கே வண்டி எப்போது நிற்க வேண்டும், எப்போது நகரலாம் என்பதை விட்டுவிட்டால், கடமை முழுவதும் நடப்பவர் தலையிலும் உரிமை முழுவதும் ஓட்டுபவர் கையிலும் போய்ச் சேரும். அப்படி நேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தாங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் வாகன ஒழுங்குமுறைகளை மாற்றும் அதிகாரம் மத்திய அரசிடம் இருந்தாலும், அவற்றை எப்படிப் பொருள்கொண்டு நடைமுறைப்படுத்துவது என்று தங்கள் துறைகள் சுற்றறிக்கை வெளியிடத் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சுற்றறிக்கையின் வரைவை எழுதும்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளையும், மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளையும், பேருந்து, ஆட்டோ ஓட்டுநர்களின் சங்கங்களையும் ஒரே மேசைக்கு அழைத்துக் கேளுங்கள். தேர்வுத் தளத்தில் கடக்கும் இடம் ஒன்றை அமைத்துச் சோதித்துப் பார்க்க விரும்பினால், எங்கள் பயிற்சித் திடலை அதற்குத் தருகிறோம். கோடு தீட்டும் செலவையும் நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
சென்னை.